அறத்தொடு நிற்றல்

தாவரவியல் மாணவியாகிய நான் குறிஞ்சிப்பாட்டைப் பிரித்தது அதிலுள்ள 99 மலர்களுக்காகவே. படித்து முடித்தபோது மனத்தில் நின்றதோ தோழியின் பேச்சு.

கபிலர் பாடிய 261 அடிகளும், தலைவியின் காதலைத் தோழி செவிலித்தாய்க்கு உணர்த்துவதாக அமைந்தவை. இதனை அறத்தொடு நிற்றல் என்பர். தலைவி தோழிக்கும், தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தைக்கும் தமையன்மாருக்கும் உணர்த்துவது முறை. தோழி உணர்த்தும் வழிகள் ஏழு என்கிறது தொல்காப்பியம். உண்மையை அப்படியே செப்புவது அவற்றுள் கடைசி!

எனக்கு இது வெறும் பாடமாக இருக்கவில்லை. எதிர்வீட்டு அக்கா வயதில் மூத்தவரானாலும் என் நெருங்கிய தோழி. பதினோராம் வகுப்புப் படிக்கும் அவர் மகள், உடன் பயிலும் மாணவன் ஒருவனை விரும்புவதைத் தற்செயலாக அறிந்தேன். சொல்லாவிட்டால் அக்காவுக்குத் துரோகம். சொன்னால்? சங்கத் தோழி திருமணத்தை வேண்டிச் சொன்னாள். இங்கு எனக்கு அச்சமே அதுதான். படிப்பை நிறுத்திவிட்டு, 18 வயது நிறையும் நாளை எண்ணியபடி மாப்பிள்ளை தேடுவார்கள். எங்கள் தெருவில் இருவருக்கு அப்படித்தான் படிப்பு நின்றது.

மீண்டும் பாட்டைப் புரட்டினேன். வீட்டாருக்கு அறிவித்தால் பழியுண்டோ என்று கேட்பவள் தலைவியே. அவள் மனமறிந்த பின்னரே தோழி வாய் திறக்கிறாள்.

ஆகவே முதலில் அக்காவின் மகளிடம் பேசினேன். மிரட்டலோ வற்புறுத்தலோ இருந்திருந்தால் அன்றிரவே அக்காவிடம் ஓடியிருப்பேன், அப்படி ஏதுமில்லை. “தேர்வு முடியட்டும் அக்கா, அம்மாவிடம் நானே சொல்கிறேன். நீங்கள் பக்கத்தில் இருங்கள்” என்றாள்.

தேர்வு முடிய இன்னும் மூன்று வாரம். மாலைதோறும் அக்கா மல்லிகை தொடுத்தபடி என்னோடு பேசுகிறார். நான் பூக்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன்.