வேலிக்குள் போன ஓடையை வரைபடத்தில் எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி: எங்கள் ஊர் கமுதி வட்டாரத்தில் இருக்கிறது. ஊருக்கு வடக்கே மானாவாரி நிலங்களை வாங்கிய ஒரு கம்பெனி, சோலார் தகடுகள் நட்டுச் சுற்றிலும் வேலி அடைத்துவிட்டது. எங்கள் கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் ஓடை வேலிக்குள் மாட்டிக்கொண்டது என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். கம்பெனி ஆட்களோ அங்கே ஓடையே கிடையாது என்கிறார்கள். இந்திய நில அளவைத் துறையின் வரைபடத்தை வாங்கிப் பார்த்தேன். நீல நிறத்தில் ஓடை எதுவும் இல்லை. கறுப்புக் கோடு ஒன்று நெளிந்து போகிறது. கண்மாய்க் கரையை ஒட்டி 3 என்ற எண்ணும் பக்கத்தில் ஆங்கில 'ஆர்' எழுத்தும் இருக்கின்றன. சோலார் நிலையத்தைப் படத்தில் காணவே காணோம். இதை நம்பலாமா ஐயா?

பதில்: நம்பலாம். அந்தக் கறுப்புக் கோடுதான் பெரும்பாலும் உங்கள் ஓடை.

இந்த வரைபடங்களில் ஆண்டு முழுவதும் தண்ணீர் நிற்கும் இடத்துக்குத்தான் நீலம். மழைக்காலத்தில் ஓடிவிட்டு மற்ற மாதங்களில் காய்ந்து கிடக்கும் ஓடையைக் கறுப்பில் போடுவார்கள். ராமநாதபுரம் மாவட்டத்தில் அப்படிப்பட்ட ஓடைகள்தானே அதிகம்! வண்டிப்பாதையும் ஒற்றையடிப் பாதையும் சிவப்பில் விட்டுவிட்டு வரும். எல்லைகள் புள்ளியும் கோடுமாக இருக்கும். உங்கள் கோடு விடாமல் நெளிந்து கண்மாயின் உள்வாயில் போய்ச் சேர்கிறதா என்று பாருங்கள். சேர்ந்தால் அது வரத்துக்கால். '3 ஆர்' என்பது கரையின் உயரம்: சுற்றியுள்ள தரையிலிருந்து 3 மீட்டர். கடல் மட்டத்திலிருந்து எடுத்த உயரமானால் அந்த எழுத்து இருக்காது. தரை மட்டமாகக் கிடக்கும் உங்கள் பகுதியில் பழுப்பு நிறச் சமஉயரக் கோடுகளைத் தேடினாலும் கிடைப்பது அரிது. அதனால் தண்ணீர் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை இத்தகைய சின்ன எண்களை வைத்துத்தான் பிடிக்க வேண்டும்.

சோலார் நிலையம் இல்லாததற்குக் காரணம் படத்தின் ஓரத்திலேயே இருக்கும். அங்கே அளவீடு செய்த ஆண்டு அச்சாகியிருக்கும். அதற்குப் பிறகு வந்த எதுவும் படத்தில் ஏறாது. கமுதியில் சுமார் 2,500 ஏக்கரில் 648 மெகாவாட் நிலையம் இயங்கத் தொடங்கியதே 2016இல்தான். 1:50,000 அளவுப் படத்தில் அது ஏறக்குறைய 40 சதுர சென்டிமீட்டர் பிடிக்கும், அதாவது உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இடம். அவ்வளவு பெரியதே பழைய படத்தில் இல்லாதபோது உங்கள் ஊர் நிலையம் எப்படி இருக்கும்? உங்களுக்கு இது நல்லதுதான். தகடு நடுவதற்கு முன்னால் அந்த மண் எப்படி இருந்தது என்பதற்கு அரசாங்கமே போட்டுவைத்த சாட்சி அது.

ஆனால் இந்தப் படத்தை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு போனால் காரியம் நடக்காது. ஓடை இருந்தது என்பதைத்தான் அது காட்டும். யாருடைய நிலத்தில் என்பதைக் காட்டாது. அதற்கு வருவாய்த் துறை ஆவணங்கள் வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் கிராம வரைபடத்தைப் பார்த்து, ஓடை கடக்கும் புல எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண்களுக்குப் புலப்படமும் அ-பதிவேட்டு நகலும் இணையத்திலேயே எடுக்கலாம். அ-பதிவேட்டில் 'ஓடை' அல்லது 'வாய்க்கால்' புறம்போக்கு என்று இருந்தால், நாலு பக்கத்து நிலத்தையும் கிரயம் வாங்கியவருக்கும் அந்தக் கீற்று சொந்தமாகாது. 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி அதை மீட்கத் தாசில்தாருக்கு அதிகாரம் உண்டு. பட்டா நிலத்தினூடே இயற்கையாக ஓடிவந்த நீர்வழியானாலும் கைவிட வேண்டாம். 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டத்தைக் காட்டிக் கேட்கலாம். அதற்கு மட்டும் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுகளின் படங்களையும் புரட்டிப் பாருங்கள். வடகிழக்குப் பருவமழை முடிந்த டிசம்பர், ஜனவரிப் படங்கள்தான் உதவும். ஓடை இருந்த தடத்தில் ஈரமும், அதையொட்டிச் சீமைக்கருவேலம் அடர்ந்த பச்சைக் கோடும் தெரியும். தகடு வந்த பிறகு அதே இடம் கருநீலக் கட்டங்களாகிவிடும். இரண்டு படங்களையும் தேதியோடு அச்செடுத்து மனுவோடு இணையுங்கள்.

வெயில் மின்சாரம் நமக்கு வேண்டும். அதற்கு எதிராகப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் இவ்வளவு சமதரையில் முழங்கால் ஆழ ஓடையைத் தூர்த்து மட்டம் தட்டினால், மழைநீர் வேறு திசைக்குத் திரும்பிவிடும். கண்மாய் காயும், பக்கத்துக் காடு மூழ்கும். இதை அளவையர்கள் வேலி போடுவதற்கு முன்பே பார்த்திருக்க வேண்டும். பார்க்காதது பெரிய தவறு.

தாசில்தாரிடம் கூட்டு அளவை கேளுங்கள். குறுவட்ட அளவர், கம்பெனி ஆள், ஊர்ப் பெரியவர்கள் என மூன்று தரப்பும் ஒன்றாக நின்று அளவைக் கல் தேடி அளக்கட்டும். ஓடை உறுதியானால் நிலையத்தை எடுக்கச் சொல்லத் தேவையில்லை. ஓடைத் தடத்தில் நிற்கும் தகடுகளை மட்டும் நகர்த்தி, வேலியைத் திறந்து, சாலை ஓடையைக் கடக்கும் இடத்தில் போதிய அகலத்துக்குச் சிறுபாலம் கட்டினால் தண்ணீர் பழைய வழியில் வந்துவிடும். ஐப்பசி மழைக்கு முன்பே இதை முடிக்கச் சொல்லி மனுவில் எழுதுங்கள்.