அம்மா மறுபடி கோயிலுக்குப் போக: மலம் கட்டுப்படாத முதுமைக்குச் சில குறிப்புகள்

ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியிலேயே குடியிருந்தும், அம்மா என்றே நாங்கள் அழைக்கும் என் மாமியார் எட்டு மாதம் பெருமாள் சேவிக்கப் போகவில்லை. முழங்கால் வலி என்றார், வெயில் என்றார், கூட்டம் என்றார். ஏகாதசி இல்லாத நாளிலும் பட்டினி கிடந்தார். ஒருநாள் விடியற்காலையில் கொல்லைக் குழாயடியில் இருட்டிலேயே புடவையை அலசிக்கொண்டிருந்தபோது பார்த்துவிட்டேன். "தெரியாமலே போயிடறதும்மா" என்று அழுதார். அதன் பிறகு மூன்று வருடம் அவரோடு இருந்து கற்றுக்கொண்டதை எழுதுகிறேன். இந்த ஊரில் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுத் தனியாக இருக்கும் பெரியவர்கள் வீதிக்கு வீதி உண்டு. அவர்களில் எத்தனை பேர் இதைச் சொல்லாமல் வீட்டுக்குள் அடைந்து கிடக்கிறார்களோ என்ற கவலைதான் எழுத வைத்தது.

1. "வயசானா அப்படித்தான்" என்று யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். நாங்கள் முதலில் பார்த்த மருத்துவர் அப்படிச் சொல்லி அனுப்பியதில் இரண்டு மாதம் வீணானது. இதற்குக் காரணங்கள் உண்டு. பிரசவத்தில் கிழிந்த தசை நாற்பது வருடம் கழித்துத் தளரலாம். நெடுநாள் சர்க்கரை நோய், பக்கவாதம், மறதி நோய், மூலத்துக்கோ பௌத்திரத்துக்கோ செய்த அறுவை சிகிச்சை எல்லாம் காரணமாகலாம். மெட்ஃபார்மின் மாத்திரை சிலருக்கு வயிற்றை இளக்கிவிடும். எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போய்க் காட்டுங்கள். "வயிறு சரியில்லை" என்று மழுப்பாமல், "மலம் தானாகக் கசிகிறது, அடக்க முடியவில்லை" என்றே சொல்லுங்கள்.

2. தண்ணீராகக் கசிந்தால் உடனே பேதி என்று முடிவு கட்டாதீர்கள். எங்கள் வீட்டில் நடந்த பெரிய தவறு இதுதான். அம்மா யாருக்கும் தெரியாமல் பேதியை நிறுத்தும் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். உண்மையில் அவருக்கு இருந்தது மலச்சிக்கல். குடலின் அடியில் மலம் கல்லாக இறுகி அடைத்துக்கொள்ளும். மேலே இருக்கிற இளகிய மலம் அதன் ஓரமாக வழிந்து வெளியே வரும். பார்ப்பதற்குப் பேதிபோலவே இருக்கும். நிறுத்தும் மாத்திரை கொடுத்தால் அடைப்பு இன்னும் இறுகும். இரத்தசோகைக்கு அவர் எடுத்துக்கொண்ட இரும்புச்சத்து மாத்திரையும் சேர்ந்து இறுக்கியிருக்கிறது. இரண்டாவதாகப் பார்த்த மருத்துவர் கையுறை போட்டு விரலால் சோதித்தார், ஒரு நிமிடத்தில் தெரிந்துவிட்டது. அந்தச் சோதனைக்குப் பெரியவர்கள் கூச்சப்படுவார்கள். கூட இருந்து கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

3. இவை இருந்தால் காத்திருக்க வேண்டாம்: மலத்தில் இரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, சில வாரமாக மாறிப்போன மலப்பழக்கம். திடீரென்று முதுகுவலியோடு கால் வலுவிழந்து, தொடையிடுக்கு மரத்து, சிறுநீரும் போகாமல் நின்றால் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். திருச்சியில் புத்தூர் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை இருக்கிறது. படுக்கையோடு இருப்பவர் என்றால் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தைப் பற்றி அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். நோய்த்தணிப்புப் பராமரிப்பும் பிசியோதெரபியும் வீட்டுக்கே வந்து செய்வது அதில் உண்டு.

4. குடலுக்கு ஒரு நேரம் பழக்குங்கள். சாப்பாடோ சூடான பானமோ உள்ளே போனதும் பெருங்குடல் தானாக அசையத் தொடங்கும், காலையில் அந்த அசைவு அதிகம். அதனால் காலை ஆகாரம் முடிந்து இருபது முப்பது நிமிடத்தில், வந்தாலும் வராவிட்டாலும், தினமும் உட்கார வையுங்கள். வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் காலுக்கு அடியில் ஒரு சின்ன மணை போடுங்கள். முழங்கால் இடுப்பைவிடச் சற்று உயர்ந்து, உடம்பு முன்னால் சாய்ந்திருந்தால் எளிதாகப் போகும். முக்கக் கூடாது, பத்து நிமிடத்துக்கு மேல் உட்காரவும் வேண்டாம். காலையில் முழுசாகக் காலியானால் பகல் நிம்மதியாகப் போகும்.

5. ஒரு பழைய டைரியில் இரண்டு வாரம் குறித்து வையுங்கள்: என்ன சாப்பிட்டார், எத்தனை மணிக்குப் போனது, கசிந்ததா, இளகலா கெட்டியா. எங்களுக்கு அதில் தெரிந்தது: இரண்டாவது டம்ளர் டிகிரி காபி குடித்த நாளெல்லாம் பத்து மணிக்கு அவஸ்தை. பால் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, பலாப்பழமும் காரமும் சிலருக்கு. சர்க்கரை நோயாளிகளுக்கென்று விற்கும் 'சுகர் ஃப்ரீ' இனிப்புகளில் உள்ள சார்பிட்டால் மலத்தை இளக்கும். எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தாமல் ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள்.

6. பட்டினி போடாதீர்கள், தண்ணீரையும் குறைக்காதீர்கள். திருச்சி வெயிலில் சித்திரை, வைகாசியில் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் மலம் இறுகும், தலை சுற்றி விழுவார்கள். இதயத்துக்கோ சிறுநீரகத்துக்கோ மருத்துவர் அளவு சொல்லியிருந்தால் அந்த அளவில் நில்லுங்கள். மலம் இளகலாக இருக்கிறவர்களுக்குக் கஞ்சி, தயிர் சாதம், வாழைக்காய்க் கறி ஒத்துக்கொள்ளும். இசப்கோல் உமி இளகலைச் சற்றுக் கெட்டிப்படுத்தும். ஆனால் ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு, மருத்துவரைக் கேட்டுத்தான். அடைப்பு இருப்பவர்களும் விழுங்கச் சிரமப்படுகிறவர்களும் தொடவே கூடாது.

7. ஆசனவாய்த் தசைக்குப் பயிற்சி உண்டு. காற்றை அடக்குவதுபோல் உள்ளே இழுத்து, ஐந்து எண்ணும்வரை பிடித்து, மெல்ல விட வேண்டும். ஒரு தடவைக்குப் பத்து, நாளுக்கு மூன்று தடவை. மூச்சைப் பிடிக்கக் கூடாது. பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். அம்மா சகஸ்ரநாமம் சொல்லி முடித்ததும் செய்வார், அப்படி ஒன்றோடு சேர்த்துவிட்டால் மறக்காது.

8. வீட்டைப் பாருங்கள். பழைய ஸ்ரீரங்கத்து வீடு திண்ணை, ரேழி, கூடம், முற்றம் என்று நீளும், கழிப்பறை கடைசியில் கொல்லையில் இருக்கும். அவசரத்தில் இருட்டில் ஓடினால் இடுப்பெலும்பு முறியும். கட்டிலுக்குப் பக்கத்திலேயே கமோடு நாற்காலி போடுங்கள், மறைப்புக்கு ஒரு திரை. வழி நெடுக இரவு விளக்கு, சுவரில் பிடிகம்பி. உடையையும் மாற்ற வேண்டியிருக்கும். ஒன்பது கஜமும் இறுக்கிக் கட்டிய பாவாடை நாடாவும் அவசரத்துக்கு எதிரி. நாங்கள் நைட்டிக்கு மாற்றினோம், கோயிலுக்கு மட்டும் எலாஸ்டிக் வைத்த பாவாடைமேல் ஆறு கஜம். ஆண்களுக்கு ஒட்டிக்கொள்ளும் வேட்டி நல்லது.

9. தோலைக் காப்பாற்றுங்கள். மலம் பட்ட தோல் சீக்கிரம் வெந்துவிடும், அதன்பின் படுக்கைப்புண்ணுக்கு அதிக நாளாகாது. வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, பழைய பருத்தி வேட்டித் துணியால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். பெண்களுக்கு முன்னிருந்து பின்னாகக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் சிறுநீர்த் தொற்று வரும். டெட்டால் வேண்டாம், பவுடரும் வேண்டாம். துத்தநாகக் களிம்பு மெல்லிசாகப் போதும், அப்பினால் டயப்பர் உறிஞ்சாது.

10. டயப்பர் வாங்கும்போது இடுப்புச் சுற்றளவை டேப்பால் அளந்து வாங்குங்கள். பெரிதாக இருந்தால் தொடைவழி கசியும். இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை பாருங்கள், மலம் போயிருந்தால் அந்த நிமிடமே மாற்றுங்கள். மலத்தைக் கழிப்பறையில் தட்டிவிட்டு, டயப்பரைச் சுருட்டி, செய்தித்தாளில் கட்டி, தனியாகக் கொடுங்கள். குப்பை எடுக்க வருகிற அம்மாவும் கையால்தான் பிரிக்கிறார். வாய்க்காலிலோ காவேரிக் கரையிலோ எறிவது பாவம்.

11. கறை பட்ட துணியை முதலில் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். வெந்நீர் ஊற்றினால் கறை ஊன்றிக்கொள்ளும். பிறகு சோப்பில் ஊறவைத்து, நல்ல வெயிலில் உலர்த்துங்கள். மெத்தைமேல் ரப்பர் ஷீட், அதன்மேல் பருத்தி விரிப்பு என்று இரண்டடுக்கு போட்டுவிட்டால் நடுராத்திரியில் மேல் அடுக்கை மட்டும் உருவலாம்.

12. மடி, விழுப்பு என்ற ஆசாரச் சுத்தக் கணக்கு. எங்கள் மாதிரி வீடுகளில் இதுதான் பெரிய காயம். விளக்கேற்றக் கூடாது, திருத்துழாய் தொடக் கூடாது என்று அம்மா தன்னைத்தானே ஒதுக்கிக்கொண்டிருந்தார். கழுவி, வேறு புடவை கட்டிக்கொண்டு விளக்கேற்றுங்கள் என்று நாங்கள் சொன்னோம், தினமும் சொன்னோம். ஸ்ரீரங்கம் கோயிலுக்குள்ளேயே தன்வந்திரி சந்நிதி இருக்கிறது, ஒரு காலத்தில் ஆரோக்கியசாலையும் நடந்திருக்கிறது. நோயாளியின் உடம்பைத் தள்ளிவைத்த கோயில் இல்லையம்மா இது என்று என் கணவர் சொன்னபோதுதான் அவர் முகம் மாறியது. சுத்தம் செய்யும்போது "மறுபடியுமா?" என்ற வார்த்தை மட்டும் வாயில் வரக் கூடாது. களைப்பில் ஒருநாள் எனக்கு வந்துவிட்டது. அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை. ஒருவரே எல்லாம் செய்தால் அந்த வார்த்தை வரத்தான் செய்யும். வாரத்தில் ஒரு நாளாவது வேறொருவர் பொறுப்பேற்க வேண்டும்.

13. வெளியே போக ஒரு துணிப்பை: டயப்பர் இரண்டு, உள்பாவாடை, ஈரத் துடைப்பான், தண்ணீர் பாட்டில், கறைத்துணிக்குக் கெட்டியான பாலிதீன் பை. காலை வேலை முடிந்த பிறகே கிளம்புங்கள், கழிப்பறை எங்கே என்று முதலில் கேட்டுவையுங்கள். வைகுண்ட ஏகாதசியன்று வரிசையில் நிற்க வைக்காதீர்கள். பரமபத வாசல் அந்த ஒரு நாள் மட்டும் திறப்பதில்லை, அன்று தொடங்கும் இராப்பத்து உற்சவத்தில் பெரும்பாலான நாட்களில் திறக்கும். நாங்கள் மூன்றாம் நாள் போனோம். அம்மா அந்த வாசலைக் கடந்தபோது பை என் தோளில் இருந்தது, அவிழ்க்கவே இல்லை. இப்போதும் அது ரேழி ஆணியில் நிரப்பியபடியே தொங்குகிறது.