மாட்டின் வயிற்று உப்புசம்: அறிதலும் முதலுதவியும்

மாலையில் மேய்ந்து திரும்பிய பசு, விடியுமுன் மாண்டு கிடப்பதுண்டு. 'கண்ணேறு பட்டது', 'பாம்பு தீண்டியது' என்று கூறி அமைவர். பல சமயம் வயிற்று உப்புசமே காரணமாயிருக்கும். கறவை மாட்டை இழக்கும் குடும்பம், நாள்தோறும் பாலால் வரும் வருவாயையும் இழக்கிறது. ஆதலின் ரிஷிவந்தியம் ஒன்றியத்து விவசாயிகளுக்கு இதனை விளக்க விழைகிறோம்.

மாட்டின் வயிறு நான்கு அறைகளை உடையது. இடப்புறமுள்ள பெரிய அறையில் தீவனம் நொதிக்கையில் மணிக்கு 30 முதல் 50 லிட்டர் வரை வாயு உண்டாகலாம். அஃது ஏப்பமாக வெளியேறும். அவ்வழி தடைப்படின் வயிறு பருத்து நுரையீரலை நெருக்கும். சில மணி நேரத்தில் உயிர் பிரியும்.

அறிகுறிகள்: கடைசி விலாவெலும்பிற்குப் பின்னுள்ள இடப்பக்கப் பள்ளம் மேடாகும்; தட்டினால் மத்தளம்போல் ஒலிக்கும். மாடு அசைபோடாது, வயிற்றை உதைக்கும், வாய் திறந்து மூச்சு வாங்கும்.

காரணங்கள்: இளங் காராமணி, குதிரைமசால் போன்ற தழைகளை வெறும் வயிற்றில் மிகுதியாகத் தின்றால் வாயு நுரையாகி நிற்கும். மரவள்ளிக்கிழங்குத் துண்டு தொண்டையில் அடைத்தாலும் ஏப்பம் தடைப்படும். விருந்தில் மிஞ்சிய சோற்றைக் கொட்டினால் வயிற்றில் அமிலம் மிகும்.

முதலுதவி: முன்னங்கால்கள் மேட்டில் இருக்குமாறு மாட்டை நிறுத்துக. வாயில் குறுக்காகக் குச்சி கட்டினால், மெல்லும்போது ஊறும் உமிழ்நீர் நுரையைக் குறைக்கும். நுரை உப்புசத்திற்கு, வளர்ந்த மாட்டுக்குக் கடலை எண்ணெய் 250 முதல் 500 மில்லி லிட்டர் வரை, தலையை மிக உயர்த்தாமல் சிறுகச் சிறுகப் புகட்டலாம். மூச்சுத் திணறும் மாட்டுக்கும், தொண்டை அடைத்த மாட்டுக்கும் எதையும் புகட்டலாகாது, நுரையீரலில் புகுந்துவிடும். கத்தியால் விலாவில் குத்துதல் பெருந்தவறு; துளையிட்டு வாயு நீக்குதல் மருத்துவர் பணி. சோறு தின்ற மாட்டுக்கு எண்ணெய் தீர்வாகாது. மரவள்ளித் தழை தின்று மாடு நடுங்கினால் அது நஞ்சு. உடனே ஊசி மருந்து வேண்டும். எதுவாயினும் கால்நடை மருத்துவருக்கோ, 1962 என்ற எண்ணுக்கோ தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும்.

தடுப்பு: மேய்ச்சலுக்கு முன் சிறிது வைக்கோல் இடுக. பசுந்தழையை வாடவிட்டு அளவோடு தருக. புதுத் தீவனத்தைப் படிப்படியாகப் பழக்குக.

ஊராட்சி உறுப்பினர்கள் இவ்வெண்ணைப் பால் சேகரிக்கும் இடத்தில் எழுதி வைக்கலாம். விருந்துச் சோறு மாடுகள் மேயுமிடத்தில் கொட்டப்படாமல் பார்த்துக்கொள்ளலாம். செலவில்லாத இச்செயல்கள் ஊரின் பால்வளத்தைக் காக்கும்.