கூகுளில் வேலை கிடைத்துவிட்டால்...

நம்பிக்கை: கோடி ரூபாய் பேக்கேஜ் என்றால் மாதம் எட்டு லட்சம் கைக்கு வரும்.

வராது. அந்தக் கோடியில் மாதச் சம்பளம் ஒரு பகுதிதான். சேரும்போது தரும் போனஸ், பி.எஃப்., எல்லாவற்றுக்கும் மேலாகக் கம்பெனிப் பங்குகள் என எல்லாம் அதில் அடக்கம். பங்குகளோ பெரும்பாலும் நான்கு ஆண்டுகளில் தவணையாகத்தான் வரும். அமேசான் பல ஆண்டுகளாகப் பின்பற்றிவந்த கணக்கு இது: முதல் ஆண்டில் 5 சதவீதம், இரண்டாம் ஆண்டில் 15, அடுத்த இரண்டு ஆண்டுகளில் 40, 40. இரண்டு ஆண்டு முடிந்ததும் விலகினால் 80 சதவீதப் பங்குகள் கைவிட்டுப் போகும்.

விலையும் நிலையானதல்ல. 2022இல் மட்டும் அமேசான் பங்கு ஏறத்தாழப் பாதியாகச் சரிந்தது. இந்தியாவில், பங்கு கைக்கு வரும் நாளின் விலையைச் சம்பள வருமானமாகக் கொண்டு வரி போடுகிறார்கள். பிறகு விலை சரிந்தாலும் கட்டிய அந்த வரி திரும்பி வராது. வீட்டுக் கடன் வாங்குகிறவர்கள் தயவுசெய்து மாதச் சம்பளத்தை மட்டும் வைத்து இ.எம்.ஐ. போடுங்கள்.

நம்பிக்கை: உள்ளே போய்விட்டால் அரசு வேலை மாதிரி.

2022 நவம்பரில் மெட்டா 11,000-க்கும் மேற்பட்டோரை நீக்கியது. 2023 ஜனவரியில் கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட் சுமார் 12,000 பேரைக் குறைத்தது. நம் வீடுகளில் பிள்ளைகளுக்கு முன்மாதிரியாகக் காட்டும் சுந்தர் பிச்சைதான் அந்த அறிவிப்பை வெளியிட்டார். அமெரிக்காவில் பலருக்கு மின்னஞ்சல் பார்த்துத்தான் விஷயம் தெரிந்தது. எச்-1பி விசாவில் இருப்பவருக்கு வேலை போனால் பொதுவாக 60 நாள் அவகாசம். அதற்குள் வேறு வேலை தேட வேண்டும், இல்லையென்றால் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளோடு ஊர் திரும்ப வேண்டும். இந்தக் கொடுமையை எந்தச் சம்பளமும் ஈடுசெய்யாது. ஆனாலும் கூகுள் அமெரிக்காவில் குறைந்தது 16 வாரச் சம்பளம் கொடுத்தே அனுப்பியது. பணமில்லாமல் மூடும் சிறு நிறுவனத்தில் அது கிடைக்காது.

நம்பிக்கை: அவ்வளவு பெரிய கூட்டத்தில் ஒன்றும் கற்க முடியாது.

இது தவறு. கூகுளில் பொதுவாக, இன்னொருவர் படித்து ஒப்புக்கொள்ளாமல் யாருடைய நிரலும் உள்ளே சேராது. சேவை முடங்கினால், யார் செய்தது என்று தேடாமல் எப்படி நேர்ந்தது என்று எழுதிவைக்கிறார்கள். இருபத்திரண்டு வயதில் இந்தப் பழக்கம் வாய்ப்பது பெரிய கொடுப்பினை. ஆனால் உள்ளே புழங்கும் கருவிகள் பல வெளியே கிடையாது. நிரல்களைப் பல கணினிகளில் பகிர்ந்து இயக்கும் கூகுளின் போர்க் அப்படி ஒன்று. வெளி நிறுவனங்கள் கேட்பது, அந்த அனுபவத்திலிருந்து பிறந்து 2014இல் பொதுவெளிக்கு வந்த குபர்நெட்டீஸை. அதைத் தனியாகத்தான் படிக்க வேண்டும்.