பவர்டு ஸ்பீக்கரோடு சப்-வூஃபரை இணைப்பது எப்படி?



நம்ம பக்கத்தில் கம்பெனிக்குப் பயிற்சிக்குப் போய் முதல் ஸ்டைபண்ட் கையில் வாங்கியவர்கள் செய்கிற காரியங்களில் ஒன்று, ஸ்பீக்கர் வாங்குவது. ஒரகடம், வல்லம் பக்கம் வாடகை அறைகள் உள்ள தெருவில் மாலையில் நடந்து போனால் காதே சொல்லிவிடும். முதலில் ஒரு ஜோடி சின்ன புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர். நாலு இஞ்ச் கூம்பு. பாட்டு தெளிவாகக் கேட்கும். ஆனால் 60, 70 ஹெர்ட்ஸுக்குக் கீழே கையை விரித்துவிடும். தவிலின் தொப்பிப் பக்கம் எங்கே என்று தேட வேண்டியதுதான். கொஞ்ச மாதம் கழித்து ஒரு சப்-வூஃபர் வரும். "இதை எங்கடா சொருகுறது?" என்ற கேள்வியும் கூடவே வரும். இந்த ஆண்டில் மட்டும் ஐந்தாறு பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். ஆகவே மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

பவர்டு ஸ்பீக்கர் என்பது ஆம்ப்ளிஃபையரை வயிற்றுக்குள் வைத்திருக்கும் ஸ்பீக்கர். பெரும்பாலும் ஒரு பெட்டியில்தான் ஆம்ப்ளிஃபையர் இருக்கும். மற்றது அதிலிருந்து வயர் வாங்கிக்கொள்ளும் வெறும் பெட்டி. ஆம்ப்ளிஃபையர் உள்ள பெட்டியின் முதுகைத் திருப்பிப் பாருங்கள். 'சப் அவுட்' என்று ஒரு துளை இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. அங்கிருந்து ஒரு ஷீல்டு வயர், சப்-வூஃபரின் லைன் உள்ளீட்டுக்கு. அவ்வளவே. பெரும்பாலான செட்டுகளில் ஸ்பீக்கரின் வால்யூமைத் திருகினால் சப்-பும் கூடவே ஏறி இறங்கும்.

துளை இல்லையென்றால்? சிக்னல் ஸ்பீக்கருக்குள் நுழையும் முன்பே அதைப் பிரிக்க வேண்டும். டி.வி. அல்லது கம்ப்யூட்டரிலிருந்து வரும் இடது, வலது இரண்டையும் ஒய்-கேபிள் போட்டு ஒரு கிளை ஸ்பீக்கருக்கு, ஒரு கிளை சப்-புக்கு. ஒரு அவுட்புட்டை இரண்டு இன்புட்டுக்குப் பிரிப்பதால் ஒன்றும் கெடாது. 10 கே, 10 கே இணையாகச் சேர்ந்தால் 5 கே; அதை ஓட்டுவது சோர்ஸுக்கு ஒரு பாரமே இல்லை. ஆனால் இரண்டு அவுட்புட்டை ஒரே ஒய்-கேபிளில் முடிச்சுப் போட்டு ஒரு இன்புட்டில் சொருகாதீர்கள். இடதும் வலதும் ஒன்றை ஒன்று ஷார்ட் செய்யப் பார்க்கும்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. நம்மில் பெரும்பாலோர் பாட்டு கேட்பது போனிலிருந்து புளூடூத் வழியாக. அந்த சிக்னல் நேராக ஸ்பீக்கருக்குள் போய்த்தான் பிரிகிறது. வெளியே போட்ட ஒய்-கேபிளில் எதுவும் வராது! தனியாக ஒரு புளூடூத் ரிசீவர் வாங்கி, அதன் அவுட்புட்டைப் பிரித்தால்தான் உண்டு. இல்லையென்றால் போனிலிருந்தே வயர். அதிலும் வேடிக்கை பாருங்கள்: சுங்குவார்சத்திரம் ஃபாக்ஸ்கானில் அசெம்பிள் ஆகும் ஐபோனில் 3.5 மி.மீ. துளையே கிடையாது. 2016-ல் ஐபோன் 7-லேயே அதை அடைத்துவிட்டார்கள். நம்ம ஊர் போனில் பாட்டு கேட்க ஒரு அடாப்டர் வாங்க வேண்டியிருக்கிறது.

ஒய்-கேபிள் முறையில் ஸ்பீக்கரின் வால்யூம் சப்-பைக் கட்டுப்படுத்தாது. ஸ்பீக்கர் குமிழை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு, ஏற்றுவதும் இறக்குவதும் சோர்ஸிலேயே செய்யுங்கள்.

அடுத்தது, செய்யவே கூடாத வேலை. இரண்டாவது பெட்டிக்குப் போகும் ஸ்பீக்கர் வயரை வெட்டி, அதில் ஆர்.சி.ஏ. பின் வைத்து சப்-புக்குக் கொடுப்பது. பக்கத்து அறை நண்பர் ஒருவர் இதைச் செய்தார். ஐ.சி.யின் தலையில் ஒரு கறுப்பு வட்டம். இரண்டு மாதச் சேமிப்பு போச்சு. காரணம் எளிது. டி.பி.ஏ.3116 போன்ற கிளாஸ்-டி ஐ.சி.கள் பிரிட்ஜ் முறையில் வேலை செய்பவை. 24 வோல்ட் சப்ளை என்றால், பாட்டே இல்லாதபோதும் இரண்டு முனைகளும் வழக்கமாக 12 வோல்ட் அளவில் நிற்கும். 'மைனஸ்' என்று எழுதியிருப்பது கிரவுண்டு அல்ல! ஆர்.சி.ஏ.யின் ஷீல்டோ நேராகக் கிரவுண்டு. இரண்டையும் சேர்த்தால் என்ன ஆகும் என்று முதலாண்டு மாணவனே சொல்வான். ரிச்சி தெருவில் கிடைக்கும் பழைய எல்.ஏ.4440 போர்டிலும் இதே கதைதான். ஸ்டீரியோவாகப் போட்டால் மைனஸ் கிரவுண்டு. பிரிட்ஜாகப் போட்டால் இரண்டும் உயிருள்ள முனை. ஐ.சி.யின் பெயரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மீட்டர் வைத்துப் பாருங்கள்.

சிலர் அசெம்பிள் செய்த சப் ஆம்ப்ளிஃபையர் வைத்திருப்பார்கள். அதில் லோ-பாஸ் ஃபில்டர் இருக்காது. பரீட்சைக்கு மனப்பாடம் செய்த தெவினின் தேற்றத்தை இப்போது வெளியே எடுங்கள். இடது, வலது இரண்டிலிருந்தும் ஆளுக்கொரு 10 கே மின்தடை. இரண்டையும் ஒரு புள்ளியில் சேருங்கள். அந்தப் புள்ளியிலிருந்து பார்த்தால் 5 கே. அங்கிருந்து கிரவுண்டுக்கு 0.39 மைக்ரோஃபாரட் மின்தேக்கி. 1/(2πRC) போட்டால் சுமார் 82 ஹெர்ட்ஸ். இரண்டு சேனலும் சண்டையில்லாமல் சேர்ந்துவிட்டன, ஃபில்டரும் ஆயிற்று. அடுத்து வரும் ஆம்ப்ளிஃபையரின் உள்ளீட்டுத் தடை 5 கே-யைவிடப் பல மடங்கு பெரிதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆக்டேவுக்கு 6 டெசிபல் என்ற மெதுவான சரிவுதான். குரல் கொஞ்சம் கசியும். ஆனாலும் சில்லறைக் காசுக்கு இது மோசமில்லை.

இணைத்தவுடன் 'ம்ம்ம்' என்று இரைச்சல் வந்தால் அது கிரவுண்டு லூப்பாக இருக்கலாம். எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகிப் பாருங்கள். அப்படியும் போகவில்லையென்றால் சிக்னல் வயரில் ஒரு ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர். எர்த் பின்னை உடைத்துவிட்டு "இரைச்சல் நின்னு போச்சு" என்று மார்தட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். உள்ளே இன்சுலேஷன் போன அன்று அந்தப் பெட்டியைத் தொடுபவனின் உயிரும் நின்றுவிடும். தயவுசெய்து வேண்டாம்.

ஃபேஸ் சுவிட்சை 0-விலும் 180-லும் மாற்றி மாற்றி, 80 ஹெர்ட்ஸ் டோன் ஓடவிட்டுக் கேளுங்கள். எதில் சத்தம் கூடுதலோ அதுவே சரி.

இனி அறை. நம் அறைகள் பெரும்பாலும் பத்துக்குப் பத்து. 3.05 மீட்டர். இரண்டு சுவர்களுக்கு இடையே நிலை அலை உண்டாகும் முதல் அதிர்வெண் 343-ஐ 6.1-ஆல் வகுத்தால் கிடைக்கும்: சுமார் 56 ஹெர்ட்ஸ். சதுர அறை என்பதால் நீளமும் அகலமும் ஒரே இடத்தில் இடிக்கும். அறை நடுவில் பாய் போட்டு உட்கார்ந்தவனுக்கு அந்த பேஸ் கேட்கவே கேட்காது. சுவரில் சாய்ந்தவனுக்கு நெஞ்சு அதிரும். நடுவில் இருப்பவன் "பத்தலடா" என்று குமிழைத் திருகுவான். சுவருக்கு அந்தப் பக்கம் நைட் ஷிஃப்ட் முடித்து வந்தவர் காலை பத்து மணிக்குக் கண் அயர்ந்திருப்பார். அதிர்வெண் பாதியானால் சுவர் தடுப்பதும் சுமார் 6 டெசிபல் குறையும். நாலரை இஞ்ச் செங்கல் சுவர் குரலைத் தடுக்கும், 56 ஹெர்ட்ஸைத் தாராளமாக விட்டுவிடும். எங்கள் பக்கம் வீட்டுக்காரர் அறையைக் காலி செய்யச் சொன்னதே இதற்காக நடந்திருக்கிறது.

அதற்கு வழி வால்யூம் அல்ல, இடம். சப்-பை நீங்கள் உட்காரும் இடத்தில் வைத்துப் பாட்டை ஓடவிட்டு, நீங்கள் தரையில் தவழ்ந்து சுவரோரமாக ஒரு சுற்று வாருங்கள். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், பரவாயில்லை. எங்கே பேஸ் சீராகக் கேட்கிறதோ அங்கே சப்-பை வைத்துவிடுங்கள். அடியில் ஒரு பழைய ரப்பர் மேட். பகல் தூக்கக்காரர் இருக்கும் வாரங்களில் சப்-பின் பிளக்கையே பிடுங்கிவிடலாம். சப் அவுட், ஒய்-கேபிள் இரண்டிலும் ஸ்பீக்கர் தன்பாட்டுக்குப் பாடிக்கொண்டிருக்கும்.