சினை ஆட்டின் கொழுப்பும் ஈரலும்

இரட்டைக் குட்டி சுமக்கும் ஆடு, ஈனுவதற்கு முந்திய 6 வாரங்களில் தீன் மறுத்துச் சோர்ந்து நிற்பதுண்டு. காரணம் என்ன?

குட்டிகள் வேகமாக வளர்வது இக்காலத்திலேயே. அவற்றுக்கு வேண்டிய குளுக்கோசுக்குத் தீன் போதாவிடில், தாயின் உடற்கொழுப்புக் கரைந்து இரத்தவழியே ஈரலைச் சேரும். மிஞ்சியதில் ஒரு பகுதி ஈரலிலேயே படியும். மறுபகுதி கீற்றோன்களாக மாறி இரத்தத்தை அமிலமாக்கும். மூச்சில் இனிப்பு வாடை வீசும். கொழுத்த ஆட்டுக்கும் இது வரும்.

இடம்பெயரும்போது சினை ஆட்டைப் பட்டினியுடன் நெடுந்தூரம் நடத்துவது ஆபத்து. கடைசி 6 வாரங்களில் குழையுடன் தவிடு, குறுணலைச் சிறிது சிறிதாகக் கூட்டி, நாளுக்கு இருமுறை வையுங்கள். குறிகள் கண்டால் அன்றே கால்நடை வைத்தியரை நாடுங்கள். தாமதித்தால் தாயும் குட்டிகளும் இறக்கலாம்.