திரையில் சுவடி படிக்கப் போகிறவளுக்கு



எபிரேயமும் கிரேக்கமும் படிக்கப் போவதாக எழுதியிருக்கிறாய். கூடவே, வேதாகம மூலங்களையும் பழைய மொழிபெயர்ப்புகளையும் பார்க்க எந்தெந்தத் தளங்கள் நல்லவை என்று ஒரு பட்டியலும் கேட்டிருக்கிறாய். பட்டியலை உன் கல்லூரி நூலகரே தந்துவிடுவார். அந்தத் தளங்களுக்கு முன்னால் எப்படி உட்கார வேண்டும் என்பதைத்தான் நான் சொல்ல முடியும். மைக்ரோஃபிலிம் காலத்தில் இந்த வேலைக்கு வந்தவன் நான். ஒரே ஒரு ஏட்டின் படம் வேண்டுமென்றாலும் ஐரோப்பாவுக்குக் கடிதம் எழுதிவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்போம். உனக்கு அது விரல் தட்டும் நேரம். கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது.

1. முதலில் எழுத்தைப் படி. சொல்லின்மேல் விரலை வைத்தால் பொருளும் இலக்கணமும் சின்னப் பெட்டியில் வந்து நிற்கிற காலம் இது. கேம்பிரிட்ஜ் டின்டேல் ஹவுஸில் உருவான ஸ்டெப் பைபிள் இதை இலவசமாகவே செய்கிறது; எபிரேய நூல்களுக்கான செஃபாரியாவும் சொல்லின் பொருளை இலவசமாகக் காட்டுகிறது. நல்ல உதவிதான். ஆனாலும் முதல் ஆறு மாதம் அந்தப் பெட்டியைத் திறக்காதே. 1892-இல் ஆக்னஸ் ஸ்மித் லூயிஸ், மார்கரெட் கிப்ஸன் என்ற ஸ்காட்லாந்து இரட்டைச் சகோதரிகள் சீனாய் மலையடிவாரத்துப் புனித கத்தரீனாள் மடத்துக்குப் போனார்கள். இருவரும் விதவைகள், பல்கலைக்கழகப் பட்டம் இல்லாதவர்கள். ஆக்னஸ் புறப்படும் முன்பே சீரிய மொழியைக் கற்றிருந்தார். மடத்தில் ஓர் அழுக்கேறிய தோல் ஏடு. மேலே பெண் புனிதர்களின் வரலாறு எழுதியிருந்தது. அதற்கு அடியில் சுரண்டி அழித்த வேறொரு எழுத்து மங்கலாகத் தெரிவதையும், அது நற்செய்தி என்பதையும் அவர் கண்டுகொண்டார். பழைய சீரிய நற்செய்திக்கு முதன்மையான இரு படிகளில் ஒன்று அப்படித்தான் நமக்குக் கிடைத்தது. காமிராவும் கொண்டுபோயிருந்தார்கள். ஆனால் எதைப் படமெடுக்க வேண்டும் என்று சொன்னது பழகிய கண். இன்று அதே மடத்தின் சுரண்டி எழுதிய ஏடுகளைப் பலவகை ஒளியில் படம்பிடித்து இணையத்தில் வைத்திருக்கிறார்கள். உன் கண் பழகாவிட்டால் அவை உனக்குக் கறை படிந்த தோல் மட்டுமே.

2. யாருடைய கை என்று கேள். இதை மட்டும் நீ மறக்காமல் இருந்தால் மற்றதை எல்லாம் நீயே கண்டுகொள்வாய். திரையில் வருகிற எபிரேய வசனம் எங்கிருந்து வந்தது? பெரும்பாலான செயலிகளுக்கு அடிப்படை, கி.பி. 1008-ஐ ஒட்டி எழுதப்பட்டு இப்போது செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருக்கும் லெனின்கிராட் சுவடி. அதன் அச்சுப் பதிப்பை 1980களில் அமெரிக்காவில் சிலர் கணினியில் ஏற்றினார்கள்; பிறகு பிலடெல்பியாவின் வெஸ்ட்மின்ஸ்டர் இறையியல் பள்ளியில் அதைத் திருத்தினார்கள். அதற்குமேல் இன்னொரு குழு ஒவ்வொரு சொல்லுக்கும் இலக்கணக் குறிப்பு எழுதியது. ஆம்ஸ்டர்டாமில் 1977-இலேயே இந்த வேலையைத் தொடங்கிவிட்டார்கள். எழுதியவர், பதிப்பித்தவர், தட்டச்சு செய்தவர், இலக்கணம் குறித்தவர் என்று இத்தனை பேரைத் தாண்டித்தான் அந்த வசனம் உன்னிடம் வருகிறது. ஒவ்வொருவரும் ஏதோ ஓர் இடத்தில் நின்று யோசித்து, இதுதான் சரி என்று முடிவெடுத்திருக்கிறார்கள். இயந்திரம் சொன்னது என்று ஒருநாளும் எழுதாதே. இயந்திரத்துக்குச் சொல்லிக் கொடுத்த மனிதரைத் தேடு.

சினாய்ட்டிக்கஸ் சுவடியின் தளத்தை எனக்குப் பிடிப்பதும் இதனால்தான். நான்காம் நூற்றாண்டின் அந்தக் கிரேக்க வேதாகமம் லண்டன், லைப்சிக், சீனாய், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் என்று நான்கு இடங்களில் சிதறிக் கிடக்கிறது. பெரும்பகுதி சோவியத் அரசிடமிருந்து 1933-இல் ஒரு லட்சம் பவுண்டுக்கு லண்டன் போனது. சீனாய் மடத்துக்கு இதில் இன்னும் ஆறாத மனக்குறை உண்டு. 2009-இல் நான்கு இடத்து ஏடுகளையும் ஒரே தளத்தில் சேர்த்தார்கள். ஒருபக்கம் தோல் ஏட்டின் படம், மறுபக்கம் அதைப் படித்து எழுதிய பாடம். எழுதியவர் கை எது, பின்னால் திருத்தியவர் கை எது என்பதும் அங்கே பிரித்துக் காட்டப்பட்டிருக்கும். இரண்டையும் ஒத்துப் பார்க்க நம்மைக் கூப்பிடுகிறது அந்தத் தளம். அப்படிக் கூப்பிடாத தளத்தில் கொஞ்சம் எச்சரிக்கையாக இரு.

3. பரபரப்பான செய்தி வந்தால் பத்து நாள் பேசாதே. 2012-இல் ஹார்வர்டு பேராசிரியர் கேரன் கிங், ரோமில் நடந்த மாநாட்டில் விசிட்டிங் கார்டு அளவுள்ள ஒரு கோப்டிக் பாப்பிரஸ் துண்டை அறிவித்தார். இயேசு தம் மனைவியைப் பற்றிப் பேசுவதாக அதில் ஒரு வரி. உலகமே பேசியது. ஆய்வுக்கூடம் பாப்பிரஸ் பழையதுதான் என்றது. ஆனால் பொறுமையாக எழுத்தெழுத்தாகப் படித்தவர்கள் வேறொன்றைக் கண்டார்கள். அந்த வரிகள் தோமா நற்செய்தியிலிருந்து அங்கங்கே வெட்டி ஒட்டியவை போலிருந்தன. அதோடு, இணையத்தில் யாரும் எடுத்துக்கொள்ளக் கிடந்த ஒரு கோப்டிக்–ஆங்கில வரிக்குவரி மொழிபெயர்ப்பில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. அதே எழுத்து இந்தப் ‘பழைய’ துண்டிலும் விட்டுப்போயிருந்தது! தட்டச்சுப் பிழை ஒன்று ஆயிரம் ஆண்டுக்கு முன்னால் போய் உட்கார முடியுமா? 2016-இல் அந்தத் துண்டின் உரிமையாளரைப் பற்றிய விவரங்களை ஒரு பத்திரிகையாளர் வெளிக்கொண்டுவந்ததும், அது போலியாகவே இருக்க வேண்டும் என்று கிங் வெளிப்படையாகச் சொன்னார். அவரை எள்ளி நகையாடியவர்கள் நிறைய. நான் என் வகுப்பில் அவருடைய அந்தக் கடைசி வார்த்தையைத்தான் எடுத்துச் சொல்வேன். ஊரறிய ஒன்றைச் சொல்லிவிட்டு ஊரறியவே அதைத் திரும்பப் பெறுவதற்கு நெஞ்சுரம் வேண்டும்.

4. இலவசமாகக் கிடைப்பதன் வயதைக் கேள். உரிமைக்காலம் முடிந்த நூல்கள்தான் இணையத்தில் தாராளமாகக் கிடைக்கும். வேதாகமத்தின் ஒவ்வொரு மூலச் சொல்லுக்கும் ஓர் எண் தருகிற ஸ்ட்ராங் எண்களின் தொகுப்பு 1890. எல்லாச் செயலிகளிலும் இருக்கிற பிரவுன்–டிரைவர்–பிரிக்ஸ் எபிரேய அகராதி 1906. தர்கூம்கள் என்ற பழைய அரமேய மொழிபெயர்ப்புகளுக்கு எல்லாரும் புரட்டுகிற யாஸ்ட்ரோ 1903. இவர்கள் மாமேதைகள், ஆனால் எபிரேயத்துக்கு நெருங்கிய உறவான உகரித் மொழியின் களிமண் பலகைகள் மண்ணுக்குள்ளிருந்து வந்தது 1929-இல், சாக்கடல் சுருள்கள் வெளிவந்தது 1947-இல். பிறக்காத செய்தியை அவர்கள் எப்படி எழுதுவார்கள்? என் மாணவன் ஒருவன் பிரசங்கம் முழுவதையும் ஸ்ட்ராங் எண்களாலேயே கட்டிக்கொண்டு வருவான். அவனை நான் தடுத்ததில்லை. ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் 1890 என்று எழுதிக்கொள் என்றேன். இரண்டு மாதத்தில் அவனே நூலகத்துக்கு நடக்க ஆரம்பித்துவிட்டான். பழையதை மதி, அதன் தேதியையும் மதி. அரமேயத்துக்கு, சின்சினாட்டியின் எபிரேய யூனியன் கல்லூரி நடத்தும் விரிவான அரமேய அகராதித் தளம் இன்றைய உழைப்பு, இலவசமும்கூட.

5. வேறுபாட்டைக் கண்டு அஞ்சவும் வேண்டாம், ஆடவும் வேண்டாம். பல படிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தொடங்கிய முதல் ஆண்டில் பிள்ளைகள் இரண்டு விதமாகத் தடுமாறுவார்கள். ஒருத்தி, பாடபேதத்தைப் பார்த்ததும் விசுவாசமே போய்விடும் என்று பயந்து புத்தகத்தை மூடிவிட்டாள். இன்னொருவன் விடுமுறைக்கு ஊருக்குப் போய்ச் சபையிலிருந்த பெரியவர்களை எல்லாம் பாடபேதம் சொல்லியே மடக்கினான். இருவருக்குமே நான் எரேமியாவைத்தான் கொடுத்தேன்.

கிரேக்க செப்துவஜிந்தில் எரேமியா, எபிரேயத்தைவிட ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு குறைவு. பிற நாடுகளைப் பற்றிய வாக்குகள் எபிரேயத்தில் நூலின் கடைசியில் வரும். கிரேக்கத்தில் நடுவிலேயே வந்துவிடும். மொழிபெயர்த்தவர்தான் தம் விருப்பத்துக்கு வெட்டி மாற்றிவிட்டார் என்று வெகுகாலம் பலர் குறை சொன்னார்கள். சாக்கடல் சுருள்கள் கிடைத்த கும்ரானின் துணுக்குகளுள் ஒன்று எபிரேயத்திலேயே அந்தச் சிறிய வடிவத்தைக் காட்டியது. மனிதர் தம் கையிலிருந்ததை உண்மையாகத்தான் மொழிபெயர்த்திருக்கிறார்! ஈராயிரம் ஆண்டுக்கு முந்திய ஒரு பெயரில்லாத உழைப்பாளியின்மேல் நாம் எவ்வளவு எளிதாகப் பழிபோட்டுவிட்டோம் என்று நினைத்துப் பார். மறுபுறம், அங்கேயே கிடைத்த ஏசாயாவின் பெரிய சுருள் இருக்கிறது. ஏழு மீட்டருக்கும் மேல் நீளம், லெனின்கிராட் சுவடிக்கு ஆயிரம் ஆண்டு மூத்தது. இஸ்ரேல் அருங்காட்சியகத்தின் தளத்தில் முழுச் சுருளையும் உருட்டி உருட்டிப் பார்க்கலாம். சின்னச் சின்ன வேறுபாடுகள் ஏராளம்; ஆனாலும் நாம் வாசிக்கிற அதே ஏசாயாதான். இரண்டு உண்மைகளும் ஒரே குகைத்தொகுதியிலிருந்து வந்தவை. ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை ஒளிக்கிறவரிடம் பாடம் கேட்காதே, அவர் எந்தக் கட்சியாக இருந்தாலும் சரி. நம் உ.வே.சா. ஒவ்வொரு நூலுக்கும் எத்தனை ஏடுகளைத் தேடி அலைந்தார், எத்தனை பாடங்களை ஒப்பிட்டார் என்று தமிழ்ப் பிள்ளையான உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

6. எண்ணை நம்பி ஏமாறாதே. எபிரேயத்தின் 23-ஆம் சங்கீதம் கிரேக்கத்திலும் லத்தீன் வுல்காத்தாவிலும் 22. நம் தமிழ் மல்கியாவுக்கு நான்கு அதிகாரம், எபிரேயத்தில் மூன்று. சில தளங்கள் இதைச் சரிசெய்து காட்டும், சில காட்டாது. இணைவரிசையில் தொடர்பில்லாத வசனம் வந்தால் உடனே கண்டுபிடிப்பு என்று குதிக்காமல் எண்ணைச் சரிபார்.

7. குறிப்பை உன் கையில் வை. சுவடியின் பெயர், அது இருக்கும் நூலகம், அடுக்கு எண், ஏட்டு எண், முன்பக்கமா பின்பக்கமா, நீ பார்த்த தேதி என்று இத்தனையையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுது. 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின்மேல் இணையத் தாக்குதல் நடந்தபோது அதன் சுவடிப் படங்கள் மாதக்கணக்கில் திறக்கவில்லை. முகவரியை மட்டும் சேமித்தவர்கள் கைபிசைந்து நின்றார்கள். ஏட்டு எண்ணோடு குறித்தவர்கள் பழைய அச்சுப் படங்களைத் தேடி எடுத்து வேலையைத் தொடர்ந்தார்கள்.

8. நன்றியோடு திற. படம் தானாக இணையத்துக்கு வந்துவிடவில்லை. மினசோட்டாவின் பெனடிக்டின் துறவிகள் 1965-இல் தொடங்கிய ஹில் சுவடி நூலகம் இன்று எத்தியோப்பியா, சிரியா, ஈராக் என்று பல நாட்டுச் சுவடிகளை இலவசமாகக் காட்டுகிறது. பெயர் பதிவு செய்தால் போதும். கேரளத்துச் சீரியச் சுவடிகளும் அதில் உண்டு. ஈராக்கில் அவர்களோடு சேர்ந்து உழைத்தவர் டொமினிக்கன் துறவி நஜீப் மிக்காயேல். 2014-இல் ஐ.எஸ். படை நெருங்கியபோது, அகதிகளோடு அகதியாகச் சுவடிகளையும் வண்டியில் ஏற்றி எர்பிலுக்குக் கொண்டுபோனார். பின்னாளில் மோசூலின் பேராயரானார். உன் கட்டுரையின் அடிக்குறிப்பில் நூலகத்தின் பெயரை முழுதாகப் போடு. ‘இணையத்திலிருந்து’ என்று எழுதுகிற பழக்கம் உனக்கு வேண்டாம்.

9. உன் மொழியையும் சேர்த்துப் படி. ஆதி மொழிபெயர்ப்புகள் என்றால் செப்துவஜிந்த், சீரிய பெஷித்தா, வுல்காத்தாவோடு கதை முடிந்தது என்று நினைப்பார்கள். ஆனால் அந்தக் கதை தமிழிலும் தொடர்கிறது. 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்க், 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சில் முடித்தார். அதற்குப் பின் பப்ரிசியஸ், யாழ்ப்பாணத்தில் பெர்சிவல், 1871-இல் போவர் என்று மொழிபெயர்ப்பாளர்கள் தொடர்ந்தார்கள். பப்ரிசியஸ் அகராதியைச் சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் சொல் தட்டித் தேடலாம். தரங்கம்பாடி மிஷனின் ஆவணங்களில் ஒரு பகுதியை ஜெர்மனியின் ஹாலே நகர ஆவணக்காப்பகம் இணையத்தில் வைத்திருக்கிறது. இரண்டாம் அறிவுரையை இங்கேயும் மறக்காதே. பெர்சிவலுக்குப் பக்கத்தில் ஆறுமுக நாவலர் இருந்தார். போவருக்குப் பக்கத்தில் முத்தையா பிள்ளை இருந்தார். அவர்களுக்கு முன்னும் பின்னும் பெயர் தெரியாத தமிழ் முன்ஷிகள் எத்தனையோ பேர். வேலை செய்ய ஆளில்லாமல் கிடக்கிற வயல் இது, மகளே. நீயாவது வா.

சரி, எங்கே தொடங்குவது என்று கேட்பாய். சினாய்ட்டிக்கஸ் தளத்தில் மாற்கு நற்செய்தியின் கடைசிப் பக்கத்தை எடு. அது 16-ஆம் அதிகாரம் 8-ஆம் வசனத்தோடு முடிந்துவிடும். பக்கவாட்டு ஒளியில் எடுத்த படமும் அங்கே உண்டு; அதையும் பார். முடிவில் போட்டிருக்கும் அலங்காரக் கோட்டையும், அடுத்த பத்தியில் லூக்கா தொடங்குவதையும் கவனி. விளக்கவுரை எதையும் புரட்டாமல், கண்ணில் பட்டதை மட்டும் ஒரு பக்கத்துக்கு எழுதி அடுத்த மாதத்துக்குள் எனக்கு அனுப்பு.